பேச்சைக் காக்கும் ஸ்கேனில் சிக்கனம் வேண்டாம்

கேள்வி: என் மகளுக்கு 19 வயது, இடதுகைப் பழக்கம். ஏழு வருடமாக வலிப்பு. மூன்று மருந்து மாற்றியும் நிற்கவில்லை. மூளையின் இடது நெற்றிப்பொட்டுப் பகுதியில் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள். அதற்கு முன் மொழிக்காகத் தனியாக ‘ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ.’ எடுக்க வேண்டுமாம். ஏற்கெனவே எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்றே, இந்தச் செலவு தேவையா என்கிறார் கணவர். 2020 முதல் 5 லட்சத்துக்குக் குடும்ப மருத்துவக் காப்பீடு இருக்கிறது. வலிப்பைச் சொல்லித்தான் எடுத்தோம். வங்கியில் 3 லட்சம் டெபாசிட் உண்டு. – வாசகி, திண்டுக்கல்

பதில்: எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள் அம்மா. முன்பு எடுத்தது மூளையின் அமைப்பைக் காட்டும் படம். இதில் மகள் உள்ளே படுத்தபடி மனதுக்குள் சொற்களைத் தேடுவாள். அப்போது எங்கே ரத்த ஓட்டம் கூடுகிறது என்று பார்த்து, பேச்சு எந்தப் பக்கம் என்று கணிப்பார்கள். ஆபரேஷன் செய்யும் பக்கத்திலேயே பேச்சும் இருந்தால் அதைக் காப்பாற்றத் திட்டமிட வேண்டுமே. வலதுகைக்காரர்களில் சுமார் 95 சதவீதம் பேருக்கு மொழி இடது மூளையில் இருக்கும். இடதுகைக்காரர்களில் சுமார் 70 சதவீதம்தான். அதனால் உங்கள் மகள் விஷயத்தில் ஊகம் போதாது. முன்பெல்லாம் இதற்கு ‘வாடா’ சோதனைதான்: ரத்தக்குழாய் வழியாகக் குழாய் செலுத்தி, மூளையின் ஒரு பக்கத்தைச் சில நிமிடம் மயக்குவார்கள். இந்த ஸ்கேனில் அந்த வேதனை இல்லை. சிலருக்கு இதற்குப் பிறகும் வாடா தேவைப்படலாம், அதையும் கேட்டு வையுங்கள். சோதனைச் சொற்கள் தமிழில் இருக்குமா என்றும் கேளுங்கள். அவள் யோசிக்கும் மொழியில் நடப்பதுதான் நல்லது.

சரி, பணம். 2020 பாலிசி என்பதால், முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் முடிந்திருக்கும். சிக்கல் வேறு இடத்தில். பெரும்பாலான பாலிசிகளில் அட்மிஷனுக்கு முந்தைய 30 அல்லது 60 நாள் பரிசோதனைச் செலவுதான் கிடைக்கும். பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனால் கிளெய்ம் கிடையாது. வலிப்பு ஆபரேஷனில் பரிசோதனைக்கும் ஆபரேஷனுக்கும் நடுவே பல மாதம் ஓடிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வீடியோ இ.இ.ஜி. (மூளை அலைகளை வீடியோவுடன் பதியும் சோதனை), ஸ்கேன் பில் முழுவதையும் இப்படித்தான் இழந்தது. ஸ்கேனை ஆபரேஷன் தேதிக்கு நெருக்கமாக வைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முடியாது என்றால் அவர் சொல்வதே சரி. கிளெய்முக்காக ஆபரேஷனை அவசரப்படுத்தக் கூடாது.

திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா, பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனைகள் இரண்டிலும் செலவு மதிப்பீடு வாங்கிப் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த ஆபரேஷன் வருமா என்றும் விசாரியுங்கள்.

வருமான வரியில், குறிப்பிட்ட சில நோய்களின் சிகிச்சைச் செலவுக்கான, 80டிடிபி என்று அறியப்படும் கழிவை நம்ப வேண்டாம். அந்த நரம்பு நோய்ப் பட்டியலில் பேச்சிழப்பு இருக்கிறது, வலிப்பு இல்லை! எனக்கு இது இன்றும் மனதுக்கு ஒப்பவில்லை.

தனிநபர் கடன் வாங்காதீர்கள். டெபாசிட்டை உடைக்காமல் அதன்மேல் கடன் எடுங்கள். வட்டி பெரும்பாலும் டெபாசிட் வட்டியைவிட 1, 2 சதவீதம்தான் கூடும். 2 லட்சத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். ஆபரேஷன் நன்றாக முடிந்தாலும் மருந்து உடனே நிற்காது, மீதி அதற்கு வேண்டும்.