இரண்டேகால் லட்சத்துக்கு ஒரு கை

கேள்வி (கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி): வணக்கம் அண்ணா. அமெரிக்காவில் இருக்கும் என் கொழுந்தனார் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். வீடு கூட்டும் ரோபோ, அதுவும் கை வைத்தது, ரோபோராக் சாரோஸ் இசட்70 என்று பேராம், கீழே கிடக்கும் சாமானை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுக் கூட்டுமாம். வாங்கி வரட்டுமா என்று கேட்கிறார். பாதிப் பணம் அவர், பாதி நாங்கள். எங்கள் அத்தைக்கு முழங்கால் வலி, குனிய முடிவதில்லை. நான் பள்ளிக்கூட வேலைக்குப் போகிறவள். பழைய வீடு, காவித் தரை. ஆடிக் காற்றில் மண் வந்து கொட்டுவது உங்களுக்குத் தெரியாததில்லை. வாங்கலாமா?

பதில்: தெரியாமலா அம்மிணி? கோபாலபுரத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் பேர் எழுதலாம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அப்படி. அதனால் கூட்டும் மிஷின் வேண்டுமா என்ற கேள்விக்கே நான் போகவில்லை, வேண்டும். கை வேண்டுமா என்பதுதான் பேச்சு.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடந்த சிஇஎஸ் என்ற மின்னணுச் சாமான் கண்காட்சியில் காட்டினார்கள், அப்புறம் அமெரிக்காவில் 2,599 டாலருக்கு விற்பனைக்கு விட்டார்கள். நம் கணக்கில் இரண்டேகால் லட்சத்துக்குக் குறையாது. மிஷினின் உயரம் 8 சென்டிமீட்டர்தான், கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்கு அடியிலும் நுழைந்துவிடும். அந்த உயரத்துக்குள்ளேயே, முதுகில் ஒரு மூடிக்குக் கீழே, ஐந்து இடத்தில் மடங்கித் திரும்பும் ஒரு கையைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். அதைச் செய்த இன்ஜினியரைப் பாராட்டத்தான் வேண்டும். முதல் சுற்றில் கூட்டிக்கொண்டே போய், வழியில் என்னென்ன கிடக்கிறது என்று கேமராவில் பார்த்துக் குறித்துக்கொள்ளும். அப்புறம் திரும்பி வந்து, மூடியைத் திறந்து, கையை நீட்டிக் கவ்வி, நாம் போனில் சொல்லி வைத்த இடத்திலோ டப்பாவிலோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, அந்தப் பொருள் கிடந்த இடத்தை மறுபடி கூட்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கை தூக்குவது 300 கிராம் வரைதான். அதுவும் காலுறை, சின்னத் துண்டு, கசக்கிய டிஷ்யூ காகிதம், லேசான செருப்பு, இப்படி அதற்கு அடையாளம் தெரிந்த பொருளாக இருக்க வேண்டும். கொழிஞ்சாம்பாறையில் எந்த வீட்டில் அம்மிணி காலுறை தரையில் கிடக்கிறது? உங்கள் கேள்வி வந்த அன்று சமையல்கட்டுத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் வீட்டுத் தரையில் கிடந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன் (வீட்டம்மா பார்த்த பார்வையை விடுங்கள்). ரப்பர் செருப்பு ஒற்றை 140 கிராம், பாஸ். என் தோல் செருப்பு 320, பெயில். காய்ந்த துண்டு 170, அதையே நனைத்து வைத்தால் 400ஐத் தாண்டுகிறது. முறம், மனை, அரிவாள்மனை, பேரனின் புத்தகப் பை, வெங்காயக் கூடை, இவற்றைத் தராசில் வைக்கவே வேண்டியதில்லை. மிச்சமிருந்தது போன் சார்ஜர் வயர். அதைக் கை எடுக்காது, மிஷின் சுற்றிக்கொண்டு போகும்.

வாங்கிப் பழகிப் பார்த்து எழுதிய வெளிநாட்டுக்காரர்களில் பலரும், கூட்டுவது நன்றாக இருக்கிறது, கைதான் பல தடவை கண்ணெதிரே கிடப்பதையே விட்டுவிட்டுப் போகிறது அல்லது பாதி வழியில் நழுவ விடுகிறது என்றுதான் சொன்னார்கள். முதல் தடவை வரும் சாமான் அப்படித்தான் இருக்கும், நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பழகும் செலவை நீங்கள் ஏன் ஏற்க வேண்டும்?

அடுத்தது உங்கள் பழைய வீடு. இந்த மிஷின் தன் அடிப்பாகத்தை உயர்த்தி 4 சென்டிமீட்டர் வரை உள்ள படியை ஏறிவிடும், புது வீடுகளுக்கு அது தாராளம். நம் பக்கத்துப் பழைய வீட்டு நிலைப்படி எத்தனை உயரம் என்று ஒரு ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். எங்கள் வீட்டில் நாலரை அங்குலம். அதாவது ஆசாரத்தில் (கூடத்தில்) விட்டால் ஆசாரத்தோடு சரி, உள் அறைக்கு நீங்கள்தான் தூக்கிப் போய் வைக்க வேண்டும். அத்தை குனியாமல் இருக்கத்தானே மிஷின்?

இன்னொன்றைக் கொழுந்தனாரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அமெரிக்காவில் கரண்டு 120 வோல்ட், நமக்கு 230. சார்ஜ் ஆகும் ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் பட்டையில் 120 என்று மட்டும் இருந்தால், நம் பிளக்கில் செருகின அன்றே கதை முடிந்துவிடும். சின்ன டிரான்ஸ்பார்மர் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். துடைக்கும் துணியை 80 டிகிரி வெந்நீரில் அலசும் ஸ்டேஷன் அது, தண்ணீர் சுட வைக்கிற நேரத்தில் ஹீட்டர் மாதிரி கரண்டை இழுக்கும். அது போக கஸ்டம்ஸ் தீர்வை, இங்கே செல்லாத வாரண்டி.

ஆகவே கையை விடுங்கள். கூட்டி, துடைத்து, தூசியைத் தானே பையில் கொட்டிக்கொள்ளும் கையில்லாத மிஷின் இங்கேயே, இங்கத்து வாரண்டியோடு, அந்த விலையில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது. ஆடி மாதத்தில் என் வீட்டு மிஷினின் தூசிப் பை மூன்று வாரத்தில் நிறைந்துவிடுகிறது, அதனால் பை சுலபமாகக் கிடைக்கிற மாடலாகப் பாருங்கள். அத்தைக்கு மருந்துக்கடையில் நீளமான இடுக்கி ஒன்று வாங்கிக் கொடுங்கள். கைப்பிடியை அழுத்தினால் நுனி கவ்வும், சில நூறு ரூபாய்தான். நின்றபடியே செருப்பு, துண்டு, பேப்பர் எல்லாம் எடுக்கலாம், அதற்கு அடையாளம் தெரியாத பொருளே கிடையாது.

கேள்வி (வேலந்தாவளம் வாசகர்): நீளமான தலைமுடி மாட்டுமா?

பதில்: முடியைவிடப் பெரிய எதிரி பூ. போன கார்த்திகையில் ஒரு ராத்திரி என் மிஷின் (எந்தக் கம்பெனி என்பது வேண்டாம்) அறை நடுவில் நின்று முனகியது. கவிழ்த்துப் பார்த்தால், உதிர்ந்த மல்லிகைச் சரத்தின் வாழைநார் பக்கவாட்டு பிரஷ்ஷின் அச்சில் ஏழெட்டுச் சுற்று சுற்றி, கயிறாக இறுகிக் கிடக்கிறது, நடுவில் கறுத்துப் போன இரண்டு மொட்டு. பிளேடால் அறுத்து எடுக்க அரை மணி நேரம். முடி சிக்காத உருளை பிரஷ் இப்போது நல்ல மாடல்களில் வருகிறது, எண்ணெய் வைத்த முடியைக்கூட ஓரளவு சமாளிக்கும். நார் வேறு. ராத்திரி கழற்றும் பூவை ஆணியில் மாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி (சித்தூர் வாசகி, பாலக்காடு மாவட்டம்): கேமரா இருக்கிறதே, பயமில்லையா?

பதில்: கொஞ்சம் பயப்படலாம். ஐரோபாட் கம்பெனி ரூம்பா என்ற தன் கூட்டும் மிஷின்களைச் சோதனைக்காகச் சிலர் வீட்டில் ஓடவிட்டபோது எடுத்த படங்கள், கழிப்பறையில் இருந்த ஒரு பெண்ணின் படம் உட்பட, படத்துக்குக் குறிப்பு எழுதும் வேலையாட்கள் வழியாக ஃபேஸ்புக் குழுக்களுக்குப் போனதை 2022 டிசம்பரில் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ என்ற அமெரிக்கப் பத்திரிகை வெளியிட்டது. அவை கடையில் விற்ற மிஷின்கள் அல்ல, சோதனைக்குத் தனியாகச் செய்தவை என்று கம்பெனி சொன்னது. சரி, இருக்கட்டும். கை வைத்த மிஷினுக்குக் கேமரா இல்லாமல் வேலை நடக்காது. கையில்லாததில் லேசர் மட்டும் வைத்து வழி பார்க்கும் மாடல்கள் உண்டு, நானாக இருந்தால் அதைத்தான் எடுப்பேன். அதே ஐரோபாட், 2002-ல் ரூம்பாவைக் கொண்டு வந்த கம்பெனி, 2025 டிசம்பரில் திவால் மனு போட்டது. பேர் பெரிதாக இருப்பதைப் பார்க்காமல், பக்கத்து டவுனில் பிரஷ்ஷும் பையும் பேட்டரியும் கிடைக்குமா என்று பாருங்கள்.

கேள்வி (மீனாட்சிபுரம் வாசகர்): அந்தப் பணத்துக்கு ஒரு ஆளையே வைக்கலாமே சார்?

பதில்: மாதம் 3,000 ரூபாய் என்றால் ஆறே கால் வருஷம் வைக்கலாம். ஆள் கிடைத்தால். எங்கள் வீட்டுக்கு வரும் அக்காவிடம் அந்தக் கை வேலை செய்யும் வீடியோவைக் காட்டினேன். துண்டை எடுத்து மிஷின் டப்பாவை நோக்கிப் போவதை முழுசாகப் பார்த்துவிட்டு, "துண்ட ஒதறாம போடுதுங்களே" என்றார்.