குறிமுறையை மடக்கிக் காட்டும் இலகுவான எடிட்டர் எது?

2 ஜிபி ரேம் உள்ள பழைய விண்டோஸ் கணினியில், நீளமான பைத்தான் கோப்புகளை மடக்கிப் பார்க்க உதவும் எடிட்டர் எது என்று கேட்டிருக்கிறீர்கள். என் தேர்வு நோட்பேட் பிளஸ் பிளஸ். 2003 முதல் வெளிவரும் இந்த இலவச மென்பொருள், விஎஸ் கோட் எடிட்டர் ஓர் உலாவி இயந்திரத்தையே தன்னுள் சுமப்பதைப் போலன்றி, சின்டில்லா என்னும் சிறிய நூலகத்தின்மேல் கட்டப்பட்டிருப்பதால், குறைந்த நினைவகத்திலும் விரைவாகத் திறக்கிறது.

இடது ஓரத்திலுள்ள கழித்தல் குறியைச் சொடுக்கினால், அந்த ஃபங்ஷனின் உட்பகுதி மறைந்து தலைப்பு வரி மட்டும் எஞ்சும். ஆல்ட் விசையுடன் 0 அழுத்தினால் எல்லாம் மடங்கும். ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் எல்லாம் விரியும். எங்கே மடக்குவது என்பதைப் பைத்தானில் உள்தள்ளலையும், சி, ஜாவா போன்றவற்றில் நெளிவு அடைப்புக்குறிகளையும் கொண்டே எடிட்டர் கணிக்கிறது என்பதால், கோப்பை வெறும் உரைக்கோப்பாகச் சேமித்திருந்தால், மொழி எதுவென்று அதற்குத் தெரியாமல் அந்தக் குறிகள் தோன்றவே தோன்றா. மொழிப் பட்டியலில் பைத்தானைத் தேர்ந்தெடுத்தால் வந்துவிடும். பலர் தடுமாறுவது இங்கேதான்.

பின்னர் லினக்ஸுக்கு மாறினால், அதே சின்டில்லாவைப் பயன்படுத்தும் ஜீனி என்னும் எடிட்டர் பழகியதாகவே தோன்றும். விம் என்னும் எடிட்டர் இன்னும் இலகுவானது, மடக்கும் வசதியும் அதில் உண்டு. ஆனால் இதற்காக மட்டும் அதைக் கற்கச் சொல்ல மாட்டேன்.