பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போன தங்கை தினமும் அழுகிறாள், படிப்பை விட்டுவிட்டு வரட்டுமா?

நீங்கள் எழுதியதன் சுருக்கம்: ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டம், கலைப்பீடம், விடுதியில் இடமும் கிடைத்துவிட்டது. முதல் இரண்டு வாரம் ஒரே குஷி. ஐந்தாவது வாரமான இப்போது ராத்திரியானால் போனில் அழுகை, வெள்ளிக்கிழமையானால் வீட்டுக்கு ஓட்டம்.

விட வேண்டாம். முதல் செமஸ்டர் பரீட்சை முடியும்வரை அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம்வரை பலருக்கு மனம் இப்படித்தான் விழும். புது இடத்தின் மயக்கம் தெளிந்திருக்கும், சிநேகிதம் இன்னும் ஒட்டியிருக்காது, முதல் அசைன்மென்ட் வந்து கழுத்தைப் பிடிக்கும். இதற்கு மேல் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பாரம் கூட உண்டு. “எங்க லயத்துப் பிள்ளை கம்பஸ் போயிருச்சு” என்று ஊரே பெருமைப்பட்டு அனுப்பிவைத்திருக்கும். முடியவில்லை என்று யாரிடம் வாய் திறப்பது?

ஹட்டனிலிருந்து கண்டிப் பக்கத்துப் பேராதனைக்கு பஸ்ஸில் மூன்று மணி நேரம் போலத்தான். அந்தக் கிட்டம்தான் வில்லங்கம். யாழ்ப்பாணப் பிள்ளை நினைத்தவுடன் வீட்டுக்குப் போக முடியாது. சனி, ஞாயிறு அறையிலேயே இருந்து துணி துவைத்து, சேர்ந்து சாப்பிட்டு, அங்கேயே பழகிவிடும். சிநேகிதம் உண்டாவது விரிவுரை மண்டபத்தில் இல்லை, அந்த இரண்டு நாளில்தான். அதனால் தங்கையை மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்லுங்கள். இடைப்பட்ட ஒரு சனிக்கிழமை நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு, பொழுது சாயுமுன் திரும்பிவிடுங்கள். பல்கலைக்கழக வளாகத்திலேயே குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அங்கே போனால் நம் ஊர்ப் பக்கத்துச் சீனியர் அக்காமாரைக் காணலாம்.

போனை ராத்திரி எடுக்காதீர்கள். களைப்பும் தனிமையும் சேரும் நேரம் அது. அம்மா குரல் கேட்டாலே உடைந்துவிடும். பகல் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் போதும். “அழுதியா?” என்று கேட்காமல் “இன்னைக்கு யாரோட சாப்பிட்ட?” என்று கேளுங்கள். மூன்று நாள் தொடர்ந்து “தனியா” என்றே பதில் வந்தால், கவனிக்க வேண்டியது அங்கேதான்.

பணத்தையும் பாருங்கள். தோட்டத்துச் சம்பளம் பத்தாம் திகதியை ஒட்டி. மகாபொல உதவித்தொகை முதல் மாதமே கைக்கு வராது. மாத முதல் வாரத்தில் காசில்லாமல் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, அதையும் மனக்கவலை என்றே நினைத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. வரும் பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல் வாரத்துக்கு ஒரு பங்காகப் போடுங்கள்.

பேச்சுத் தமிழைக் கேலி செய்வது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் ஆழமாகக் குத்தும். வடக்குப் பிள்ளைகள் “கதைக்கிறது” என்று சொல்லுமிடத்தில் “பேசுறது” என்று சொன்னாலே சிலர் சிரிப்பார்கள். தங்கை தன் பேச்சை மாற்றத் தேவையில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குச் சிங்களம் ஓரளவு வரும். கடையிலும் அலுவலகத்திலும் வடக்கிலிருந்து வந்த தோழிகளுக்கு அவள்தான் கைகொடுப்பாள். அப்போது கேலி தானாகக் குறையும். ஆங்கிலத்துக்குச் சீனியர்கள் நடத்தும் குப்பி என்கிற உதவி வகுப்புத்தான் வழி. விரிவுரையில் புரியாத பத்துச் சொல்லை எழுதிக்கொண்டு போய்க் கேட்கட்டும்; “ஒண்ணுமே புரியல” என்று போனால் யாராலும் உதவ முடியாது.

ஆனால் பயமும் ஏக்கமும் ஒன்றல்ல. குறிப்பிட்ட நேரத்தில் போனை நிறுத்துவது, இன்ன உடுப்புத்தான் போட வேண்டும் என்பது, “வெளியில சொல்லக்கூடாது” என்பது எல்லாம் பகிடிவதையின் (ராகிங்) அடையாளம். இலங்கையின் 1998ஆம் ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். இரண்டு வருடம்வரை சிறை. திகதி, நேரம், இடம் எழுதிவைத்து மாணவர் ஆலோசகரான விரிவுரையாளரிடமோ விடுதிப் பொறுப்பாளரிடமோ கொடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டு வாரமாகத் தூக்கம், சாப்பாடு, குளிப்பு எல்லாம் நின்று விரிவுரைக்கும் போகவில்லை என்றால் பல்கலைக்கழக சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். சாவைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் அன்றைக்கே. 1926 என்ற தேசிய மனநல இலக்கத்தை 24 மணி நேரமும் அழைக்கலாம். உடல்நலத்தால் இடைவெளி தேவைப்பட்டால், விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒத்திவைக்க வழி உண்டா என்று பீட அலுவலகத்தில் கேளுங்கள். அவசரத்தில் விட்ட இடத்தைத் திரும்பப் பிடிப்பது பெரும்பாடு.

அடுத்த தடவை அவள் புறப்படும்போது பையில் கால் கிலோ தோட்டத்துத் தேயிலைத் தூள் வையுங்கள், அறைக்கே சேர்த்து ஊற்றுகிற அளவுக்கு.