டைம்அவுட் வேறு, தோல்வி வேறு

டிஜிட்டல் வங்கியின் பேமெண்ட் அமைப்பைக் கிளவுடில் கட்டுவது பற்றி நெல்லைச் சீமை டெவலப்பர்கள் கேட்டவையும் பதில்களும்.

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, யுபிஐ-யில் அனுப்பின பணத்துக்குப் பதில் வராம டைம்அவுட் ஆனா, உடனே அதை அனுப்பினவர் கணக்குக்கே திருப்பிப் போட்டுரலாமா?

கூடவே கூடாது தம்பி. டைம்அவுட் என்றால் 'தெரியவில்லை' என்று மட்டுமே பொருள். பணம் அந்தப் பக்கம் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அவசரப்பட்டுத் திருப்பினால் அந்தத் தொகை வங்கியின் கையை விட்டே போகும். பேரேட்டில் வெற்றி, தோல்வியோடு 'நிலுவை' என்ற மூன்றாவது நிலையும் வேண்டும். முடிவு தெரியும்வரை தொகை சஸ்பென்ஸ் கணக்கு எனும் இடைக்காலக் கணக்கில் நிற்கட்டும். இடைவெளியைக் கூட்டிக்கொண்டே நிலை என்னவென்று விசாரியுங்கள். அப்போதும் தெரியாவிட்டால், யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ அனுப்பும் செட்டில்மெண்ட் கோப்போடு (வங்கிகளுக்கிடையே தீர்த்த கணக்கின் பட்டியல்) ஒத்துப் பார்த்த பிறகே முடிவு. அதற்காக ஆறப்போடவும் முடியாது: ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, ஆளுக்கு ஆள் அனுப்பி வரவாகாத பணம் மறுநாளுக்குள் திரும்பியாக வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

தென்காசி: ரீட்ரை (மறுமுயற்சி) பண்ணும்போது ரெண்டு தடவை பற்று (டெபிட்) ஆகுது, ஏன்?

ஒவ்வொரு முயற்சிக்கும் புது எண் உருவாக்குகிறீர்கள் போலிருக்கிறது. வாடிக்கையாளர் பட்டனை அழுத்தும்போது ஒரே ஒரு எண். எத்தனை ரீட்ரை போனாலும் அதே எண். 'தேடிப் பார், இல்லையென்றால் எழுது' என்ற நிரலும் ஏமாற்றும்: இரண்டு கோரிக்கைகள் ஒரே நொடியில் தேடினால் இரண்டுக்கும் 'இல்லை' என்றே வரும். அந்த எண்ணுக்கு டேட்டாபேஸிலேயே யுனிக் கட்டுப்பாடு (ஒரே எண் இரண்டாம் முறை பதிவாகாது) போட்டு, எண்ணையும் பேரேட்டுப் பதிவையும், சேர்ந்தே நிற்கும்படி அல்லது சேர்ந்தே ரத்தாகும்படி, ஒரே டிரான்ஸாக்‌ஷனில் எழுதுங்கள். அதே எண் வேறு தொகையோடு வந்தால் மறுத்துவிடுங்கள்.

அம்பாசமுத்திரம்: கிளவுடில் எந்த ரீஜன்ல (சர்வர்கள் இருக்கிற ஊர்) வைக்கலாம்?

ரிசர்வ் வங்கியின் 2018 விதிப்படி பேமெண்ட் தரவு இந்தியாவுக்குள்தான் சேமிக்கப்பட வேண்டும். அமேசானில் என்றால் மும்பை முதன்மை, ஹைதராபாத் மாற்று. டேட்டாபேஸைச் சரியாக வைத்துவிட்டு, நிகழ்வுப் பதிவு (log) கோப்புகளையும் பிழை கண்காணிப்பையும் வெளிநாட்டுச் சேவைக்கு அனுப்பிவிடுவார்கள், ஓட்டை அங்கேதான். இரண்டு ஊருக்கும் நடுவே ரெப்ளிகேஷன் (தரவை நகலெடுப்பது) சற்றுப் பின்தங்கியே ஓடும். ஹைதராபாத்துக்கு மாறும்போது கடைசி நொடிகளின் பதிவுகள் விடுபட்டிருக்கும். அவற்றை நிலை விசாரித்து மீட்ட பின்பே புதுப் பற்றுகளைத் திறக்க வேண்டும்.

நெல்லை டவுன்: ஆனித் தேரோட்டத்துல அல்வாக் கடைக்குப் பணம் குவியுது, அந்த ஒரு கணக்கு மட்டும் திணறுது. சர்வரைக் கூட்டிட்டோம், தீரலையே?

தீராது. எல்லா வரவும் டேட்டாபேஸில் அந்தக் கணக்கின் இருப்பு உள்ள ஒரே வரிசையின் லாக்குக்குத்தான் (ஒரு நேரத்தில் ஒருவரே மாற்ற விடும் பூட்டு) காத்து நிற்கிறது. அந்தக் கணக்கை 16 உட்கணக்குகளாகப் பிரித்து, வரவுகளைப் பரவலாகப் போடுங்கள். இருப்பு என்பது அவற்றின் கூட்டுத்தொகை. பற்றுக்கு மட்டும் எல்லா உட்கணக்குகளையும் ஒரே வரிசைமுறையில் லாக் செய்யுங்கள். முறை மாறினால் டெட்லாக்: ஒன்றுக்கொன்று காத்து இரண்டும் நின்றுவிடும்.

கல்லிடைக்குறிச்சி: தொகையை ஃப்ளோட்ல (தசமத்தைத் தோராயமா வைக்கிற எண் வகை) வைக்கலாமா?

வேண்டாம். பைசாவில், முழு எண்ணாக.