வரலாற்றில் எம்.ஏ. முடித்தவருக்கு மும்பை முதலீட்டு வங்கிகளில் வேலை கிடைக்குமா?

மாட்டுங்காவில் சித்தப்பா வீட்டில் தங்கி, வரலாற்றில் எம்.ஏ.வோடு பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் முதலீட்டு வங்கி வேலை தேடுவதாக எழுதியிருக்கிறீர்கள். கிடைக்கும், ஆனால் அந்தப் பட்டத்தை மட்டும் வைத்து நேராக நுழைவது அரிது. அங்கே பெரும்பாலும் ஐ.ஐ.எம். மாதிரி வளாகங்களிலிருந்தும் சி.ஏ. முடித்தவர்களிலும்தான் ஆள் எடுக்கிறார்கள். ஐ.ஐ.எம்.களில் எம்.பி.ஏ. சேர்வதற்கான கேட் (CAT) தேர்வு எழுத எந்தப் பாடத்தில் பட்டம் என்பது தடையில்லை. முதலீட்டு ஆய்வுக்கான சர்வதேசச் சான்றிதழான, மூன்று நிலை கொண்ட சி.எஃப்.ஏ.வுக்கும் அப்படியே, கட்டணம்தான் டாலரில்.

உங்களுக்கு நான் சொல்வது பங்கு ஆய்வு, அதாவது ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கலாமா என்று அலசிச் சொல்லும் வேலை. அதற்காக, பங்குச் சந்தைப் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் ஆய்வாளர் தேர்வை முதலில் எழுதிவிடுங்கள். பிறகு பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தின் பத்து ஆண்டறிக்கைகளை வரிசையாகப் படியுங்கள். தலைவர் கடிதத்தில் சொன்னது நடந்ததா? நிறுவனர் குடும்பத்தின் மற்ற கம்பெனிகளுக்குப் போன பணம் எந்த அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கிறது? ஐந்தாண்டுக்கு நியமித்த தணிக்கையாளர் பாதியில் விலகியது ஏன்? ஆவணத்தைச் சந்தேகத்தோடு வாசிக்கப் பழகிய உங்களுக்கு இது கைவந்த வேலை. கண்டதை நாலு பக்க அறிக்கையாக்கி, சிறிய ஆய்வு நிறுவனங்களுக்கு அனுப்புங்கள்.

கணக்குப்பதிவியலையும் எக்செலையும் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நேர்காணலில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.