கேள்வி-பதில்: பையன் என்றைக்குப் பெரியவனானான்?

கேள்வி: என் நாவலில் ரப்பர் தோட்டத்துப் பையன் ஒருவன் எட்டு வயதில் தொடங்கிப் பதின்மூன்றில் முடிகிறான். பால்மரம் வெட்டும் அப்பா இறந்த அன்று அவன் பெரியவனாகிவிடுகிறான். தங்கை ஒருத்தி உண்டு, கதையில் அவ்வளவாக வரமாட்டாள். நாவலைப் படித்துப் பார்த்தவர்கள் யாரும் அதை நம்பவில்லை. என்ன குறை?
– வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: குறை 'அன்று' என்ற சொல்லில் இருக்கிறது. கொள்ளிச்சட்டி தூக்கிய பிள்ளை அழுவான், பயப்படுவான், அசந்து தூங்கிப்போவான். மறுநாளும் அவனுக்கு அதே வயதுதான்.

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1960) நாவலைப் பென்சிலோடு படியுங்கள். கதை தொடங்கும்போது சிறுமி ஸ்கவுட்டுக்கு ஆறு வயது நிரம்பவில்லை, அண்ணன் ஜெம்முக்குப் பத்து நிரம்பவில்லை. உங்களுக்கு ஐந்து வருடம் தேவைப்பட்டது. அந்த அம்மையாருக்கு மூன்று போதுமாக இருந்தது.

குற்றமற்ற கறுப்பினத்தவர் ஒருவரைக் குற்றவாளி என்ற நீதிமன்றத் தீர்ப்புதான் ஜெம்மை மாற்றியது என்பார்கள். தீர்ப்புக்காக அவன் அழுவது 22ஆம் அத்தியாயத்தில். அதற்கு வெகு முன்பே, 7ஆம் அத்தியாயத்தில், பிள்ளைகளுக்கு யாரோ பரிசு வைத்துவந்த மரப்பொந்தைப் பக்கத்து வீட்டுக்காரர் சிமெண்டால் அடைத்துவிடுகிறார். ஜெம் பொழுது சாயும்வரை வாசலில் நிற்கிறான். உள்ளே வரும்போது முகத்தில் அழுத தடம். தங்கை பார்க்கிறாள், காரணம் அவளுக்குப் பிடிபடவில்லை. 11இல் ஆத்திரத்தில் ஒரு கிழவியின் பூச்செடிகளை வெட்டிச் சாய்க்கிறான். தண்டனை, ஒரு மாதம் தினமும் அவளுக்குப் புத்தகம் வாசிப்பது. இத்தனையும் நடந்த பிறகு வருவதால்தான் 22ஆம் அத்தியாயத்து அழுகையை நம்புகிறோம். எனக்குப் பெரிதாகப் படுவது 25ஆம் அத்தியாயம்தான்: தங்கை ஒரு பூச்சியை நசுக்கப் போகிறாள், அண்ணன் தடுக்கிறான். அதற்கு அரைப்பக்கம்கூடத் தேவைப்படவில்லை.

அவனுக்குப் பன்னிரண்டு ஆனதும் சமையல்காரி 'மிஸ்டர் ஜெம்' என்று கூப்பிட ஆரம்பிக்கிறாள். ஸ்கவுட்டுக்கு எரிச்சல். 14ஆம் அத்தியாயத்தில், வீட்டைவிட்டு ஓடிவந்து கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்கும் நண்பனைப் பற்றி ஜெம் தன் அப்பாவிடம் சொல்லிவிடுகிறான். பெரியவர்களுக்கு அது பொறுப்பு, அவளுக்கோ துரோகம். அண்ணன் எவ்வளவு நகர்ந்துவிட்டான் என்பதைத் தங்கையை வைத்துத்தான் அளக்கிறோம். உங்கள் அளவுகோலை நீங்களே கதையிலிருந்து துரத்திவிட்டீர்கள்.

இன்னொன்று. அந்தக் கதையைச் சொல்வது வளர்ந்த ஸ்கவுட். விவேகமான வரிகள் அவளுடையவை, சிறுமியின் பேச்சு சிறுமியின் பேச்சாகவே இருக்கிறது. உங்கள் எட்டு வயதுக்காரன் 'சுரண்டல்' என்று எங்காவது பேசியிருந்தால் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். 'அவனுக்கு எல்லாம் புரிந்தது' என்ற வரியையும்தான். அது எப்படியும் எங்காவது ஒளிந்திருக்கும்.

சாவு அத்தியாயத்தை இப்போதைக்குத் தொடவேண்டாம். ஒரே பொருளை மூன்று முறை கொண்டுவாருங்கள். ஒட்டுப்பால், அதாவது மரத்தில் வெட்டிய இடத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர் பால், போதும். எட்டு வயதில் அப்பா பின்னால் மரம் மரமாகப் போய் அதை உரித்து, உருட்டிப் பந்தாக்கி லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் அடிக்கிறான். பதினொன்றில் அதே ஒட்டுப்பால் எடைக்குப் போகும் என்று தெரிந்து சாக்கில் போடுகிறான், பந்து கேட்ட தங்கையை அதட்டுகிறான். அப்பா போன பிறகு அவள் சாக்கிலிருந்து கொஞ்சம் திருடி உருட்டிக்கொண்டிருக்கிறாள். பிடுங்க வந்தவன், எடை குறையும் என்று தெரிந்தும், சாக்கின் வாயைக் கட்டிவிட்டுப் போகிறான்.