பாதத்தை விடுங்கள், நாக்கைப் பாருங்கள்

குளிப்பாட்டி எடுத்ததும் உங்கள் நான்கு மாதக் குழந்தையின் பாதங்கள் நீலம் பாரித்திருந்ததையும், கிணற்று நீரின் பரிசோதனை அறிக்கையில் நைட்ரேட் லிட்டருக்கு 62 மில்லிகிராம் என்று இருந்ததையும் உங்கள் கடிதத்தில் நீங்களே ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டீர்கள். மற்றக் கேள்விகளெல்லாம் அந்த முடிச்சிலிருந்து பிறந்தவை என்பதால் அதையே முதலில் அவிழ்க்கிறேன்.

குளிரில் கைகால்கள் நீலம் பாரிப்பது சிறு குழந்தைகளுக்கு இயல்பு. உடல் சூடேறியதும் மறைந்துவிடும். நைட்ரேட்டால் வரும் நீலமோ நாக்கிலும் உதடுகளின் உட்புறத்திலும் சாம்பல் கலந்து தெரியும். எவ்வளவு போர்த்தினாலும் மறையாது. தோலின் நிறம் ஏமாற்றக்கூடியது என்பதால்தான் நாக்கைப் பார்க்கச் சொல்கிறேன். மூச்சு வாங்குவதும், பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடப்பதும் அதனுடன் சேர்ந்து வரலாம். ஆனால் தொடக்கத்தில் சில குழந்தைகள் நீலமாக இருந்தும் சிரித்து விளையாடக்கூடும், அதைக் கண்டு ஏமாறாதீர்கள். நாக்கு நீலமாக இருந்தால் இணையத்தில் தேடாமல், விடியட்டும் என்று காத்திராமல், அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

நைட்ரேட்டால் குழந்தை நீலம் பாரிக்கும் இந்த நோயையும் கிணற்று நீரையும் இணைத்து 1945-இல் முதலில் எழுதியவர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஹன்டர் காம்லி என்ற மருத்துவர். நைட்ரேட் தானாகப் பெரிய தீங்கு செய்வதில்லை. வயிற்றிலும் குடலிலும் உள்ள பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நைட்ரைட், ஹீமோகுளோபினில் உள்ள இரும்பை ஆக்சிஜனைச் சுமக்க இயலாத நிலைக்கு மாற்றிவிடுகிறது. அப்படி மாறியதை மெத்தீமோகுளோபின் என்கிறோம். நம் உடலில் ஒரு நொதி இதை ஓயாமல் சரிசெய்து 1 சதவீத அளவிலேயே வைத்திருக்கும். பிறந்த முதல் சில மாதங்களில் அந்த நொதி பெரியவர்களிடம் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான் என்பதாலும், புட்டிப்பால் குடிக்கும் குழந்தை தன் எடைக்கு மிக அதிகமான நீரைக் குடிப்பதாலும் ஆபத்து அந்த வயதிலேயே குவிகிறது. வயிற்றுப்போக்கு சேர்ந்துகொண்டால் இன்னும் கூடும்.

அனுமதிக்கப்பட்ட அளவு 10 என்று எங்கோ படித்து, ஆறு மடங்கு நஞ்சைக் கொடுத்துவிட்டதாகப் பதறியிருக்கிறீர்கள். அந்த 10, நைட்ரேட்டுக்குள் இருக்கும் நைட்ரஜனை மட்டும் கணக்கிடும் அமெரிக்க வரம்பு. உங்கள் அறிக்கையோ முழு நைட்ரேட்டையும் அளக்கிறது. அந்த முறையில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 50. ஆக, நீங்கள் வரம்பைச் சற்றே தாண்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆனால் பாதுகாப்புக்காக அந்த நீரை அரை மணி நேரம் கொதிக்கவைத்துக் கொடுத்தீர்களே, அதுதான் தவறு. நீர் ஆவியாகும், நைட்ரேட் ஆவியாகாது. பாதியாக வற்றிய நீரில் 62 என்பது 124 ஆகிவிடும். சாதாரணக் கரி வடிகட்டியாலும் பயனில்லை, ஆர்.ஓ. முறையோ அயனிப் பரிமாற்றமோதான் நைட்ரேட்டைக் குறைக்கும். அதுவரை நைட்ரேட் குறைவு என்று சோதித்துத் தெரிந்த நீரில்தான் பால் கரைக்க வேண்டும். கிருமிகளுக்காக அதை ஒரு கொதி கொதிக்கவிட்டு இறக்கினால் போதும். அம்மா அந்தக் கிணற்று நீரைக் குடித்துக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம். கவலைப்படும் அளவுக்கு நைட்ரேட் பாலில் இறங்குவதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் திடுக்கிட வைத்தது, போகிறபோக்கில் நீங்கள் எழுதிய கடைசி வரி: குழந்தை ஈறைக் கடிப்பதால் மரத்துப்போகச் செய்யும் ஜெல்லை நாளுக்கு மூன்று முறை தடவுகிறீர்கள். அதில் பென்சோகைன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்றே குப்பையில் போடுங்கள். கிணற்று நீர் மெல்லச் செய்வதை அந்த மருந்து சில நிமிடங்களிலேயே செய்துவிடக்கூடும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதைத் தடவவே கூடாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது. நீரைச் சோதிக்கத் தெரிந்த உங்களுக்கு, யாரிடமும் கேட்காமல் வாங்கிய மருந்தின் உறையைப் படிக்கத் தோன்றவில்லையே!

மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் நீர் அறிக்கையையும் ஜெல்லின் உறையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி இந்த நோயில் 85 சதவீதத்தை ஒட்டியே நின்று குழப்பும். ஆக்சிஜன் கொடுத்தும் நீலம் போகாது. எடுக்கும் இரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். காரணம் தெரிந்துவிட்டால் இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தும் மெத்திலீன் புளூ என்ற மருந்து பெரும்பாலும் விரைவில் பலன் தரும். குடும்பத்தில் யாருக்காவது ஜி6பிடி நொதிக் குறைபாடு இருந்தால் அந்த மருந்தே கேடாகும் என்பதால், அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கேட்டிருந்த உங்கள் முடி உதிர்வுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் கிணறு பொறுப்பில்லை. கீரையிலுள்ள நைட்ரேட்டால் புற்றுநோய் வரும் என்ற காணொளியை அழித்துவிட்டுக் கீரை சாப்பிடுங்கள்; நைட்ரைட் சேர்த்துப் பதப்படுத்திய இறைச்சியின் கதை வேறு, அதைக் குறைப்பது நல்லது.

கிணற்றில் இது எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். நைட்ரேட் மண் துகள்களில் ஒட்டாது. வயலில் மிஞ்சிய உரத்திலிருந்தும் எருக்குழியிலிருந்தும் மழைநீரோடு நேராக நிலத்தடிக்கு இறங்கும். நிறமோ மணமோ இல்லாததால் சோதிக்காமல் தெரியாது. உங்கள் கழிவுநீர்த் தொட்டியும் கிணற்றை ஒட்டியே இருக்கிறது என்பதால், அடுத்த மழைக்குப் பின் எடுக்கும் மாதிரியில் நைட்ரேட்டுடன் பாக்டீரியாவையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.